சொல்லிவிட்டுத் தொடு

ஜனவரி 9

என் வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. விடுதியில் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று மூன்று பக்கம் புலம்பியிருக்கிறாய். நல்லதுதான். போனில் நீ பேசிக்கொண்டே இருப்பாய், நான் ‘ம்’ கொட்டுவேன். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தானே ஆகவேண்டும்?

அரசாங்க ஆஸ்பத்திரியில் தொழிற்பயிற்சி, முடித்தால் அங்கேயே வேலை என்று நீ சேர்ந்ததை வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்னேன். என்னோடு வேலை பார்க்கும் குண்டக்காவுக்குக் காது புளித்துவிட்டது. “உன் பொண்ணு என்ன டாக்டராவா ஆயிட்டா? நம்மள மாதிரி பெட்பேன் தூக்கத்தானே போயிருக்கா” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் வருஷக்கணக்காக ஒப்பந்தத்தில் கிடக்கும் ஆயா. நீ சான்றிதழ் வாங்கி, சட்டையில் பெயர் குத்திக்கொண்டு, நிரந்தரமாக வேலை பார்க்கப் போகிறவள். இரண்டும் ஒன்றா? எங்களையும் சீக்கிரம் நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. பார்ப்போம்.

இருமல் நின்றதா என்று நீ எழுதவே இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா


பிப்ரவரி 2

அம்மா,

இருமல் போய்விட்டது. நீ திட்டுவாய் என்று பயந்தே போயிருக்கும்.

ஒரு உதவி வேண்டும். வார்டு ஆயாக்கள் காலையிலிருந்து என்னென்ன செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார் எங்கள் பயிற்சி மேடம். மற்ற பெண்கள் இங்குள்ள ஆயாக்களின் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி திரிகிறார்கள். எனக்கென்ன, வீட்டிலேயே ஆள் இருக்கிறது. ஒன்றுவிடாமல் எழுது. உன் வேலையைப் பற்றிப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து படிக்கட்டும். இத்தனை வருஷத்தில் யார் படித்தார்கள்?

உன் வாயாடி


பிப்ரவரி 11

கண்ணு,

என்னைப் பற்றி எழுதச் சொன்னால் விடுவேனா? பேனா தீரும்வரை எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறேன். பக்கவாதம் வந்தவர்களைப் புரட்டிப் படுக்கவைப்பது, குழாயில் கஞ்சி போகிறவர்களைச் சாய்த்து உட்காரவைப்பது, உயிர் போனபின் சொந்தக்காரர்கள் வருவதற்குள் தாடையைக் கட்டிக் கண்ணை மூடுவது, எல்லாம் இருக்கிறது.

தாளில் விட்டுப்போனது ஒன்று. யாரைத் தொடுவதானாலும் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். “அம்மா, இடுப்புல கை வைக்கிறேன், கொஞ்சம் திருப்புறேன்” என்று. நினைவில்லாமல் கிடக்கிறவர்களிடமும் நான் சொல்வேன். “நீ செவுத்தோடகூடப் பேசுவடி” என்று குண்டக்கா என்னைக் கேலி செய்வாள். செய்யட்டும். அவர்களுக்குக் கேட்கிறதோ இல்லையோ, உடம்பு அவர்களுடையது.

கற்றுக்கொள்ள எவ்வளவு காலமாகும் என்று உன் மேடம் கேட்டால் ஒரு வருஷம் என்று சொல். சூட்டிகையான பெண்ணுக்கு ஆறு மாசம் போதும். நீ சூட்டிகைதானே?

உன் அம்மா


ஏப்ரல் 6

அம்மா,

மேடம் என் கட்டுரையைக் கூட்டத்தில் வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அதை வைத்து மற்ற ஆஸ்பத்திரிகளிலும் பயிற்சி தொடங்கப் போகிறார்களாம், உங்கள் ஆஸ்பத்திரியிலும்.

வேறு விசேஷமில்லை. வேலை அதிகம், அதனால் சின்னக் கடிதம். குண்டக்காவை விசாரித்ததாகச் சொல். கனமாக எதையும் தூக்காதே அம்மா.

உன் மகள்


ஜூன் 14

கண்ணு,

ஏப்ரலில் வந்ததுதான் உன் கடைசிக் கடிதம். வாயாடி வாயை மூடினால் அம்மாவுக்குத் தூக்கம் வராது என்று உனக்குத் தெரியும்.

நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஆயாக்கள் எல்லோரையும் மருந்துக் கிடங்குக்குப் பக்கத்து அறையில் நிற்கவைத்தார்கள். நாற்காலி கிடந்தது, உட்காரச் சொல்லவில்லை. எங்கள் வேலையை இனிப் பயிற்சி முடித்த பிள்ளைகள் செய்வார்களாம். எங்கள் ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியோடு சரி. வேறு இடம் உண்டா என்று கேட்டோம், இல்லை என்றார்கள்.

“பச்சப் புள்ளைங்களுக்கு இந்த வேலை வருமாய்யா?” என்று குண்டக்கா கேட்டாள். வந்தவர்களில் ஒருவர் கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார்: “சூட்டிகையான பெண்ணுக்கு ஆறு மாசம் போதும்.”

என் வார்த்தை. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

குண்டக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வீட்டில் அவள் புருஷன் படுத்த படுக்கை, உனக்குத் தெரியும். மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கிட்டே போகக் கால் வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது உனக்கு முன்பே தெரியுமா?

அம்மா


ஜூன் 20

அம்மா,

தெரியும். ஏப்ரலில் என் கட்டுரையை வாசித்த கூட்டம் முடிந்ததுமே மேடம் சொன்னார், ஆயாக்களை நிறுத்திவிட்டு அந்த இடங்களில் எங்களைப் போடப் போகிறார்கள் என்று. “எங்கம்மாவும் ஆயாதான் மேடம்” என்றேன். “அவங்களுக்கெல்லாம் வேற இடம் பாப்பாங்க, இப்ப வெளியில சொல்லிடாத” என்றார். நம்பினேன். நம்பாவிட்டால் உனக்குச் சொல்ல வேண்டியிருக்குமே அம்மா. உனக்கு வேறு இடம் கிடைத்தபின் இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

இன்று பணி ஆணை வந்தது. உன் ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு, ஜூலை முதல் தேதி. உன் இடம்.

வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கட்டுமா? ஒரு வார்த்தை சொல், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். திட்டியாவது எழுது.

உன் வாயாடி


ஜூன் 27

மகளுக்கு,

வேலையில் சேர். நீ மறுத்தால் வேறொருத்தி வருவாள், எனக்கு வேலை திரும்பாது.

ஆறு மாசம் போதும் என்று எழுதியது நான். பெற்ற பெண்ணைச் சூட்டிகை என்று சொல்லும் ஆசையில் எழுதினேன். அதற்கு உன்மேல் கோபமில்லை. ஆனால் மே மாசம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆள் எடுத்தார்கள். குண்டக்காவைக் கூப்பிட்டார்கள். “நம்மள நிரந்தரமாக்கப் போற நேரத்துல எங்கக்கா போற?” என்று நான்தான் அவளைத் தடுத்து நிறுத்தினேன். அப்போது உனக்குத் தெரிந்திருந்தது. இப்போது அங்கே இடமில்லை. அந்த ‘ஆறு மாசம்’ யாருடைய வார்த்தை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

நினைவில்லாதவர்களிடமும் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பேன் என்று உனக்கு எழுதினேன். எனக்கு நினைவு இருந்தது. நீ சொல்லவில்லை.

வெளியூரில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். அங்கேயே தங்க வேண்டும். முப்பதாம் தேதி வேலை முடிந்ததும் கிளம்புகிறேன். வீட்டுச் சாவி எதிர்வீட்டில் இருக்கும். என்னைத் தேடாதே. மனசு ஆறினால் நானே எழுதுவேன். ஆறுமா என்று தெரியவில்லை.

வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு அம்மா இருக்கிறாள். நினைவில்லை. இடது தோளைத் தொட்டால் முகம் சுளிப்பாள், வலப்பக்கமிருந்து தூக்கு. என் குரல் அவளுக்குப் பழகியிருக்கும். ஆள் மாறிவிட்டது என்று முதலில் அவளிடம் சொல். பிறகு தொடு.

அம்மா