முப்பத்தாறு வயதில் ஒரு பொன்னாடை

கோலியர்ஸ் வுட், இலண்டன்
2 ஜூன் 2025

அன்புள்ள ஜதுர்ஷிகா அக்காவுக்கு,

நேற்றுக் கிரிக்கெட் கழகக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது இது: “அண்ணை இன்னும் விளையாடுறார், மாமா.” நாலே சொல். கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் என்ற சாட்டில் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்துவிட்டேன்.

அம்மா நலம். ரொறன்ரோவில் பிள்ளைகளும் நலமென நம்புகிறேன்.

தலைவர் கிருஷ்ணராசா மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்: “எங்கட பிரியந்தன் பதினாறு வருசம் சனிக்கிழமை தவறாமல் கழகத்துக்கு ஆடினவன். கிண்ணப் போட்டி அண்டைக்கு ஒரு பொன்னாடை போத்திவிடுவம்.” அண்ணைக்காக எல்லோரும் கை தட்டினார்கள்.

எங்கள் ஆட்களிடம் இதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். பொன்னாடை போர்த்தியவரை யாரும் திரும்ப மட்டை பிடிக்க விடுவதில்லை. பிறகு முன்வரிசைக் கதிரை, ஒரு சோடா, பரிசளிப்பு. போ என்று முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல் மாலை போட்டு அனுப்புகிறார்கள். போன வருடம் கழகத்தில் அதிக ஓட்டம் எடுத்தவர் அண்ணை. தலைவரின் மகன் ரதீசன் மூன்று முறை பூச்சியம். இனித் தொடக்க ஆட்டக்காரன் அவன்தானாம்.

இதை வழிமொழிந்தவர் யார் தெரியுமா? அப்பா. கண் கலங்க எழுந்து நின்று வழிமொழிந்தார். அவருக்கு உண்மையாகவே பெருமை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அண்ணை அப்போது வேலையில் இருந்தார். வாட்ஸப்பில் “ஓய்வுபெறும் நட்சத்திரம்” என்று தன் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, “நான் எப்பயப்பா ஓய்வு பெற்றனான்?” என்று கேட்டார். அப்பா சிரித்தார். “முப்பத்தாறு வயசாச்சு, விளையாடினது காணும். சபையில மரியாதை தாறாங்கள், எல்லாருக்கும் கிடைக்குமே?” அண்ணை சப்பாத்தைக் கழற்றினார். வால்தம்ஸ்டோ அணி அவரை மூன்று வருடமாகக் கேட்கிறது. “அது எங்கட கழகம் இல்லையே” என்பார்.

வாழ்த்து மடல் எழுதும் வேலை எனக்காம். “நீதான் புத்தகம் படிக்கிற பிள்ளை, நல்ல தமிழ் வரும்” என்றார் மாமா. பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா, நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார். போட்டி நடக்கும் இருபத்தோராம் திகதிக்கு முன் அவருக்குப் போன் எடுங்கள். அப்பாவிடம் அண்ணை மாட்டேன் என்று சொல்லமாட்டார். அவருக்காக யாராவது சொல்ல வேண்டும். நான் ஒருமுறை தவறவிட்டேன்.

நீங்கள் எல்லோரும் நல்லாயிருக்க வேண்டும்.

அன்புத் தங்கை,
துஷ்யா

23 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் போன் எடுத்தது தெரியும். “அவளுக்கும் விளங்கேல்லை” என்றார் அப்பா.

சனிக்கிழமை பொன்னாடையை அப்பாவின் கையிலேயே கொடுத்தார்கள். வேறு யாராவது என்றால் அண்ணை மறுத்திருப்பார் என்று மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணை குனிந்தார். நான் மடலை வாசித்தேன்; ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. பிறகு அன்று ஆடும் பதினொருவரின் பெயர்களை வாசித்தார்கள். அவர் பெயர் இல்லை.

அவரோடு கொஞ்சம் கதையுங்கள், அக்கா. விளையாட்டைப் பற்றி வேண்டாம்.

இன்று காலை அவர் மனேஜரிடம் போய், இனி எல்லாச் சனிக்கிழமையும் ஷிப்ட் தரும்படி கேட்டு வாங்கி வந்துவிட்டார்.

துஷ்யா