போர்வையை எடுக்காத பாடம்

அடியே,

இன்று காலை வகுப்பு அலுமாரியைத் திறந்தபோது பூச்சி உருண்டை மணம் முகத்தில் அடித்தது. மேல்தட்டில் உன் மூன்று போர்வைகளும் மடித்தபடி இருந்தன. உடனே கதவைச் சாத்திவிட்டேன். நீ பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் வெட்கமாக இருந்தது.

பூமி ஏன் சூடாகிறது என்று எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? நாம் இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் நீ உன் ஊர் நானாட்டானிலிருந்து வரும் பஸ்ஸில் இந்தப் போர்வைகளோடு வந்து இறங்கினாய். ஒரு பிள்ளையைக் கதிரையில் இருத்தி, "நீதான் பூமி" என்று ஒன்றைப் போர்த்தினாய். "இதமா இருக்கோ?" "ஓம் டீச்சர்." பிறகு, புகை என்று சொல்லி இரண்டாவது, மூன்றாவது. எங்கள் பேசாலைக் கடற்கரை வெக்கையில் பூமிக்கு வியர்த்துக் கொட்டியது. "வாங்கோ, எல்லாரும் சேர்ந்து இழுங்கோ!" என்றதும் வகுப்பே பாய்ந்தது. முதல் போர்வையை மட்டும் இழுக்க விடவில்லை. "அது வேணும், இல்லாட்டி விறைச்சுப் போவம்."

"இது பாடமோ, கூத்தோ?" என்று வாசலில் நின்று நக்கலடித்தேன்.

"பிள்ளையளைப் பயத்தோட வீட்டை அனுப்பக் கூடாதடி," என்றாய்.

நோய் உன்னைக் கொண்டுபோன பிறகு உன் வகுப்பு எனக்கு வந்தது. போன மாதம் அதே பாடம். நானும் போர்த்தினேன். மணி அடிக்கப் போகிறதே என்று, இழுக்கிற விளையாட்டை விட்டுவிட்டு, "உங்கட வீட்டில புகை எங்கயிருந்து வருது? சொல்லுங்கோ பாப்பம்," என்று கேட்டேன். அடுப்பு என்றார்கள், குப்பை என்றார்கள். முன்வாங்கில் இருந்த ஒரு சின்னவள் எழுந்தாள்.

"எங்கட அப்பாவின்ர போட் எஞ்சின்."

"ஓம், அதுவும்தான்," என்றேன். ஜன்னலுக்கு வெளியே என் ஸ்கூட்டி நின்றது. அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பிள்ளைகள் தேவாலயத்தில் முதன்முறை நற்கருணை வாங்கும் முதல்நன்மைக்கு ஆயத்தமாகும் மாதம் அது. அதற்கு முன் ஃபாதரிடம் செய்யும் முதல் பாவசங்கீர்த்தனத்தில் என்னென்ன பாவம் சொல்வதென்று வீட்டில் விரல் மடித்து ஒப்பித்துப் பார்ப்பார்கள். நீ சிவன் கோயிலுக்குப் போகிறவள், உனக்கு இது தெரியாமல் போயிருந்தால் குற்றமில்லை. நானும் அப்படி விரல் மடித்தவள்தான். வீட்டுப் புகையைக் கேட்டால் அதையும் பாவக்கணக்கில் சேர்ப்பார்கள் என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை?

அடுத்த கிழமை அவளுடைய தகப்பன் வந்தார். மடித்துக்கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். கோபமாக வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"டீச்சர், மகள் தன்ர பாவத்தோட என்ர எஞ்சினையும் சேர்த்து ஃபாதரிட்டைச் சொல்லப் போறாளாம். நான் கொண்டுவாற மீனையும் தொடுறாளில்லை. கடல் சூடேறி மீன் தூரப் போயிட்டுது. அதைத் தேடி நாங்களும் எண்ணெயை எரிச்சுத் தூரப் போறம். அது பாவமோ டீச்சர்?"

அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். "இல்லை அண்ணை, பிழை என்னிலதான்," என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அன்றே சின்னவளைக் கூப்பிட்டேன். அப்பாவின் புகை கொஞ்சம்தான், பெரிய பெரிய நாடுகளும் ஆலைகளும் விடுகிற புகைதான் போர்வையைத் தடிப்பாக்குகிறது, அப்பா ஒரு பாவமும் செய்யவில்லை என்று விளக்கினேன். தலையாட்டிக் கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப ஏன் டீச்சர் அண்டைக்கு ஓம் எண்டனீங்கள்?"

அந்தக் கேள்வியோடுதான் தினமும் வகுப்புக்குள் போகிறேன். இன்னும் அவள் மீன் தொடுவதில்லையாம்.

சாத்திய அலுமாரியைப் பின்னேரம் திரும்பத் திறந்தேன். போர்வைகளை உதறி வெயிலில் போட்டிருக்கிறேன். நாளை அந்தப் பாடத்தை மறுபடி எடுக்கப் போகிறேன். இந்தமுறை கதிரையில் நான் இருப்பேன். முதலாவது புகை என் ஸ்கூட்டியுடையது என்று சொல்வேன். பிறகு உன்னைப்போல, எல்லாரும் சேர்ந்து இழுங்கோ என்பேன்.

மற்றப் பிள்ளைகள் பாய்ந்து வருவார்கள். அவள் வருவாளோ தெரியாது. அவளும் வந்து கைவைக்கும்வரை நான் அந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டேன்.