பாஸ்கருக்கு ஒரு நோ-பால்

மார்ச் 21, சனி

மேகமூட்டம். புழுக்கம். கார் மேலெல்லாம் ஓக் மரத்து மகரந்தம். காலையில் கழுவினேன், மதியத்துக்குள் மறுபடி மஞ்சள். மகள் நிலாவுக்கு விடாத தும்மல். அலர்ஜி மாத்திரை, தயிர், கொத்தமல்லி வாங்க வேண்டும்.

அடுத்த சனி தத்து நாள். எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு இந்த வருடம் கணேசன் அங்கிள் அட்மின். சான்டா கிளாராவில் ரிடையர்டு வாழ்க்கை, வேறு வேலை கிடையாது. பதினாலு பேருக்கும் தனித்தனி ரிமைண்டர். விதிகளை குரூப்பில் பின் பண்ணியிருக்கிறார். என் கையால் ஒரு முறை எழுதிவைக்கிறேன், போன வருடம் போல ஆகக் கூடாது.

– நம் கவுண்டி, அதாவது இங்கிலாந்தில் நம் கிரிக்கெட் டீம், புதிதாக எடுத்த இளம் பையன்களில் ஆளுக்கு ஒருவன் தத்து.
– இங்கிலாந்து நேரப்படி மதியம் பன்னிரண்டு. முதலில் பெயர் போடுகிறவருக்குப் பையன்.
– பன்னிரண்டுக்கு முன்னால் போட்டால் நோ-பால். சீசன் முழுக்கப் பையன் கிடையாது.
– தத்து எடுத்தவர் மேட்சுக்கு மேட்ச் ரிப்போர்ட் எழுத வேண்டும். மற்றவர்களுக்கு கமென்ட் மட்டும்.
– செப்டம்பரில் எல்லாவற்றையும் இங்கிலீஷில் மாற்றி, அந்தந்தப் பையனுக்குத் தபால்.

வெளியாள் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதினொரு வருடத்துக்கு முன் அந்த ஊருக்கு ஆன்சைட் வேலையாகப் போன பதினாலு பேர் நாங்கள். ஆபீஸிலிருந்து கிரவுண்டுக்குப் பத்து நிமிட நடை. டீ இடைவேளைக்குப் பிறகு டிக்கெட் கேட்க மாட்டார்கள். குளிரில் ஒடுங்கி உட்கார்ந்து, ஃப்ளாஸ்கில் ரசம். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் அமெரிக்கா வந்துவிட்டோம். வேலை மாறியது, வீடு மாறியது. டீம் மாறவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

மழை வருவது போல் வந்து ஏமாற்றியது. துணி மடித்தேன். இட்லிக்கு ஊறப்போட்டேன்.

போன வருடம் நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். கோபம் ஆறிப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

சுண்டெலி. விக்கெட் கீப்பர். பட்டப்பெயர் நான் வைத்தது. இரண்டு கோடைகாலம், காலை ஐந்து மணிக்கு எழுந்து, ரெண்டாவது டீம் மேட்சுகளை லைவில் பார்த்தேன். ஒரே ஒரு கேமரா, அதுவும் பாதி நேரம் புறாவைக் காட்டும். ஒவ்வொரு பந்துக்கு முன்னும் சுண்டெலி வலது கிளவுஸைத் தொடையில் ரெண்டு முறை தேய்ப்பான் என்பது உலகத்தில் அவன் அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும். கவுண்டி அவனை ஒப்பந்தம் பண்ணியபோது கோயிலில் அர்ச்சனை பண்ணினேன்.

நான் இருக்கும் டெக்சாஸுக்கும் இங்கிலாந்துக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அமெரிக்கா மார்ச் ஆரம்பத்திலேயே கடிகாரத்தை மாற்றிவிடுகிறது, அவர்கள் கடைசி ஞாயிறுதான் மாற்றுகிறார்கள். நடுவில் மூன்று வாரம் வித்தியாசம் ஐந்து. மறந்துபோனேன். அங்கே பன்னிரண்டு என்று நினைத்துக்கொண்டு இங்கே காலை ஆறுக்கு "சுண்டெலி – உமா" என்று போட்டேன். அங்கே அப்போது பதினொன்று.

போன வருடம் அட்மின் பாஸ்கர். அவன் இருக்கும் நியூஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் அப்போது காலை ஏழு. விழித்திருந்தான். ஒரே நிமிடத்தில் என் மெசேஜுக்குத் தம்ஸ்-அப். உறுதியாகிவிட்டது என்று நினைத்து தோசை ஊற்றப் போனேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால்:

"உமா நோ-பால். சுண்டெலி – பாஸ்கர்."

முன்னெல்லாம் யாராவது முந்திப் போட்டால், "டெலீட் பண்ணுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். அழித்துவிட்டு நேரத்துக்குத் திரும்பப் போடுவார்கள். யாரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை. கணேசன் அங்கிளையே நான் ஒரு வருடம் அப்படிக் காப்பாற்றியிருக்கிறேன். பா., அதாவது பாஸ்கர், சொல்லவில்லை. ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்திருக்கிறான்.

அன்றைக்கே போன் பண்ணினேன்.

"ரூல் ரூல்தானுங்க உமா. அட்மினே மீறலாமுங்களா?"

"அப்ப தம்ஸ்-அப் எதுக்கு போட்டீங்க?"

"மெசேஜ் பாத்துட்டேன்னு சொல்றதுக்குத்தானுங்க."

பாவி.

சுண்டெலி அந்த சீசனில் முதல் சதம் அடித்தான். பா. எழுதிய ரிப்போர்ட்: "நன்றாக ஆடினான். எல்லோரும் கை தட்டினார்கள்." அவ்வளவுதான். அதற்குக்கூட நவம்பரில் பா.வுக்கு ஒரு தபால் அட்டை வந்தது. சுண்டெலி கைப்பட எழுதியது. எல்லாக் கடிதங்களையும் அவன் அம்மா பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். அந்த அட்டைதான் இன்று வரை பாஸ்கரின் டிபி. அவன் குரூப்பில் குட்மார்னிங் போடும்போதெல்லாம் என் அட்டை கண்ணில் படுகிறது. ஆமாம், என் அட்டை.

மார்ச் 24, செவ்வாய்

288 ஹைவேயில் ஐம்பது நிமிடம். ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் தள்ளிப்போனது. மதியம் லெமன் சாதம், ஆறிப்போனது.

டிராஃபிக்கில் நின்றபோது மனதுக்குள் போட்ட பட்டியல். பா.வுக்கு நடக்க வேண்டியவை:

1. நியூஜெர்சி டர்ன்பைக் ஹைவேயில் கார் நின்றுபோக வேண்டும். உயிருக்கு ஒன்றும் ஆகக் கூடாது. போனில் சார்ஜ் இருக்கக் கூடாது.
2. அவன் வீட்டு மாவு ஒரு வருடம் புளிக்கக் கூடாது.
3. லைவ் பார்க்கும்போது விக்கெட் விழுகிற பந்தில் மட்டும் பஃபரிங் வட்டம் சுற்ற வேண்டும்.
4. தத்து கிடைக்காமல் ஒரு சீசன். வெறும் கமென்ட். நான் இருந்த மாதிரி.

நாலாவது போதும். மற்றதெல்லாம் போனஸ்.

இந்த வருடத்துப் பையன்: ஒட்டடைக்குச்சி. இடது கை ஸ்பின்னர், பத்தொன்பது வயது, ஆறடி நாலு அங்குலம். இடுப்பில் எலும்பே இல்லை போல வளைந்து வந்து போடுகிறான். எனக்கு அவன் வேண்டும். பா.வுக்கும் அவன்தான் வேண்டும். குரூப்பில் நேற்று, "குச்சி மேல ஒரு கண்ணு இருக்குதுங்கோ" என்று போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் குச்சி எனக்கு இன்னும் அதிகமாக வேண்டும்.

மார்ச் 25, புதன்

வெயில். பக்கத்து வீட்டில் புல் வெட்டும் சத்தம், மீட்டிங்கில் என்னை மியூட் பண்ணச் சொன்னார்கள்.

பா. ரெண்டு வாரமாகக் கோயமுத்தூரில் இருக்கிறானாம். அவன் அப்பாவுக்கு இதய வால்வு ஆபரேஷன். நல்லபடியாக முடிந்ததாம். குரூப்பில் எல்லோரும் கும்பிடு கைகள். நானும் ஒன்று போட்டேன். மனதாரத்தான் போட்டேன், அவருக்கு.

சாப்பிடும்போது என் கணவன் சிவா ஆரம்பித்தான்.

"அவங்கப்பாவுக்கு ஆபரேஷன் ஆயிருக்கு. நீ இன்னும் அந்தத் தம்ஸ்-அப்பையே புடிச்சுத் தொங்கிட்டு இருக்க."

"ஆபரேஷன் அவங்கப்பாவுக்கு. தம்ஸ்-அப் போட்டது அவன்."

"ஒரு வருஷம் ஆச்சு உமா."

"நீ உன் ஃபேன்டசி லீக்ல உங்க மேனேஜர் பண்ணத நாலு வருஷமா சொல்லிட்டு இருக்க."

ரசம் ஊற்றிக்கொண்டான்.

மார்ச் 27, வெள்ளி

தலை வலி. மகரந்தமா டென்ஷனா தெரியவில்லை.

ஃபிரிட்ஜில் பேப்பர் ஒட்டினேன்: அங்கே 12 = இங்கே 7. ஆறு இல்லை. ஏழு. மெசேஜை இப்போதே டைப் அடித்துத் தயார்: "ஒட்டடைக்குச்சி – உமா". வைஃபை ரீஸ்டார்ட். போன் நூறு சதவீதம் சார்ஜ்.

நிலா பேப்பரைப் பார்த்து, "அம்மா, ஜஸ்ட் செட் அன் அலாரம்," என்றாள். கதையை முழுசாகச் சொன்னேன். பதிமூன்று வயது, எல்லாம் புரிகிறது, பதில் மட்டும் இங்கிலீஷ்.

"சோ டு யூ வான்ட் டு வின், ஆர் டு யூ வான்ட் ஹிம் டு லூஸ்?"

"ரெண்டும்டி."

"தட்ஸ் டார்க், அம்மா."

மார்ச் 28, சனி

ஒரே சந்தோஷம். வரிசையாக எழுதுகிறேன்.

ஐந்தரைக்கே விழிப்பு. காபி. வெளியே மூடுபனி. சரியாக ஆறு மணிக்குப் போன் டிங் என்றது. குரூப்.

"ஒட்டடைக்குச்சி – பாஸ்கர்."

முதலில் போச்சு என்று நினைத்தேன். அப்புறம் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். மணி ஆறு. அங்கே பதினொன்று.

அவன் எங்கே தப்பு பண்ணினான் என்று உடனே புரிந்துவிட்டது. கோயமுத்தூரில் சாயந்திரம் நாலரை. இந்தியாவில் உட்கார்ந்து இங்கிலாந்து மேட்ச் பார்த்து வளர்ந்த அத்தனை பேருக்கும் மூன்றரைக்கு முதல் பந்து. இங்கிலாந்தில் பதினொன்று என்றால் இந்தியாவில் மூன்றரை, பன்னிரண்டு என்றால் நாலரை. ரத்தத்தில் ஊறியது. ஆனால் அது கோடைகாலக் கணக்கு. அவர்கள் கடிகாரம் மாற இன்னும் ஒரு நாள் இருக்கிறது. இன்று பன்னிரண்டு என்றால் இந்தியாவில் ஐந்தரை. நியூஜெர்சியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தவன், சொந்த ஊர் போய் அதே குழியில் விழுந்திருக்கிறான்.

கணேசன் அங்கிள் தூங்குகிறார், அங்கே மணி நாலு. யாரும் ஆன்லைனில் இல்லை. நானும் பா.வும் மட்டும்.

"டெலீட் பண்ணுங்க." ரெண்டே வார்த்தை. டைப்கூடப் பண்ணினேன். பொய் சொல்ல மாட்டேன், பண்ணினேன். அவன் டிபி தெரிந்தது. சுண்டெலியின் கையெழுத்து. அழித்துவிட்டு, தம்ஸ்-அப் போட்டேன்.

அந்த ஒரு மணி நேரம் மாதிரி ஒரு மணி நேரம் என் வாழ்க்கையில் இல்லை. பாத்திரம் எல்லாம் தேய்த்தேன். டிஷ்வாஷர் இருந்தும்.

ஏழு மணி. அனுப்பினேன். ஏழு ஒன்றுக்குக் கணேசன் அங்கிள்: "பாஸ்கர் நோ-பால். ஒட்டடைக்குச்சி – உமா. வாழ்த்துக்கள்மா." குரூப் முழுக்கச் சிரிப்பு.

நாலு தோசை சாப்பிட்டேன். கோயில் கேன்டீனுக்குப் போய் நிலாவுக்கு வடை வாங்கிக் கொடுத்தேன். திரும்பும்போது காரில் பாடினேன். சிவா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மார்ச் 29, ஞாயிறு

அங்கே இன்று கடிகாரம் மாறிவிட்டது. இனி ஆறு மணி நேரம். நல்ல காற்று, தும்மல் குறைவு.

எட்டு மணிக்குப் பா. போன். எடுக்கலாமா என்று ஐந்து ரிங் யோசித்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் எடுத்தேன்.

"நல்லா இருக்கீங்களா உமா?"

"நல்லா இருக்கேன். அப்பா எப்படி இருக்காரு?"

"பரவால்லைங்க. உக்காந்து கஞ்சி குடிக்கறாரு." அப்புறம் விஷயத்துக்கு வந்தான். "நேத்து நான் போட்டதும் நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். தம்ஸ்-அப் போட்டேனே."

"வேணும்னுதானுங்களா?"

"வேணும்னுதான்."

"சரிங்க. போன வருஷம் நானும் வேணும்னுதானுங்க."

ஒரு வருடம் இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன்.

"குச்சி எனக்காக இல்லைங்க உமா. அப்பாவுக்கு. ஐசியூவுல பயந்துபோய்க் கெடந்தாரு. பேச்சு மாத்தறதுக்காகப் புதுப் பசங்க போட்டோ எல்லாம் காட்டுனேன். அவருதான் குச்சியப் பாத்து, இவன் கை நீளம், பந்து திரும்பும், இவன எடுன்னாரு. நேத்துல இருந்து கண்ணு முழிச்சதும், நம்ம பையன் எப்ப ஆடறான்னு கேக்கறாரு."

"நோ-பால்னு சொல்லலையா?"

"எப்படீங்க சொல்றது."

அவரை நினைத்தால் பாவமாக இருந்தது. அதற்காகவும் அவன் மேல் கோபம் வந்தது. ஜெயித்த மறுநாளே இப்படி ஆக்கிவிட்டான். குச்சியை விட்டுக்கொடுக்க விதியில் இடமில்லை. இடம் இருந்தாலும் பா.வுக்குக் கொடுக்க மாட்டேன்.

"குச்சி அவரோட பையன்தான்னு அப்பாகிட்ட சொல்லுங்க," என்றேன். "இந்த சீசன் ரிப்போர்ட் எல்லாம் நான் அவருக்கே லெட்டரா எழுதறேன். தமிழ்ல."

"அவருக்குப் போன்ல எழுத்து கண்ணுக்குத் தெரியாதுங்க. நான்தான் படிச்சுக் காட்டணும்."

"படிங்க. ஒரு வார்த்தை விடாம படிக்கணும்."

"ரொம்ப தேங்க்ஸுங்க உமா. நான் நெனச்சே பாக்கல. நீங்க இவ்வளவு பெருந்தன்மையா..."

"அப்பாவ பாத்துக்கங்க," என்று வைத்துவிட்டேன்.

முதல் மேட்ச் வெள்ளிக்கிழமைதான். அதுவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? இட்லி வேகும் நேரத்தில் அறிமுகக் கடிதம் எழுதி முடித்தேன். ஆபரேஷன் ஆனவருக்கு நல்ல சிரிப்பு வரும்படிதான் எழுதியிருக்கிறேன். ஆரம்பம் இப்படி:

"அன்புள்ள அங்கிளுக்கு, வணக்கம். நம் பையன் ஒட்டடைக்குச்சியைப் பற்றிச் சொல்வதற்கு முன், போன வருடம் சுண்டெலி என்றொரு பையன் யாரிடமிருந்து யாரிடம், எப்படிப் போனான் என்பதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன். படிப்பவர் குரல் நடுவில் இறங்கினால், தயவுசெய்து சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்."

மூன்று பக்கம். அனுப்பிவிட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்து இருபது நிமிடம் ஆகிறது. இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான்.