தார் எண் போட்ட மரங்கள்

அண்ணாச்சி,

நீங்கள் வைத்த பூங்காவின் இருபத்திரண்டு மரங்களும் இன்று காலை ஏலம் போயின. எடுத்தவன் நான். மரங்களுக்கு எண் போட்ட தார் வாடை, எண்ணெய் தேய்த்துக் கழுவியும் என் விரலை விட்டுப் போகவில்லை.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ்கள் வந்ததிலிருந்து விறகுக்கு என்ன கிராக்கி என்று உங்களுக்குத் தெரியும். மரங்களை விற்றுவிடப் புதிய பஞ்சாயத்து போர்டு தீர்மானம் போட்டுவிட்டது. பதினைந்து வருஷம் பிரசிடெண்டாக இருந்து தென்காசிக்கு ரோடும் சாக்கடையும் கொண்டுவந்த உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த மரங்கள் அருவித் தண்ணீர் குடித்தவை. குற்றாலத்தில் குளித்துத் திரும்பும் வண்டிகளைப் பூங்கா வாசலில் மறிப்பீர்கள். "உம்ம தலை மட்டும் குளுந்தா போதுமாவே? இந்தச் செடிக்கும் ஒரு செம்பு ஊத்திட்டுப் போம்!" திட்டிக்கொண்டே ஊற்றியவர்கள், அடுத்த சாரலுக்குக் கேட்காமலே குடத்தில் மொண்டு வந்தார்கள்.

நான் தலைச்சுமையாக விறகு விற்று, பிறகு விறகுக்கடை போட்டவன். உள்ளே நுழைந்தாலே மரங்களிடம் சொல்வீர்கள்: "எமன் வாரான், மூச்சுக் காட்டாம நில்லுங்கலே!"

"எமனுக்கு ஒரு வெத்தலை குடுங்க அண்ணாச்சி" என்பேன்.

போன வாரம் நான் கயிற்றால் மரத்தின் சுற்றளவு பார்த்துக்கொண்டிருந்தபோது, காய்ச்சலோடு கம்பை ஊன்றி வந்து நின்றீர்கள். எமன் என்று சொல்லவில்லை.

"நீயுமாலே?"

பக்கத்தில் இரண்டு கரிக் காண்டிராக்டர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். என் மனசு தெரிந்தால் வேண்டுமென்றே விலையை ஏற்றியிருப்பார்கள். "யாவாரந்தான அண்ணாச்சி" என்றேன். ஈரத் தாரைத் தொட்டுப் பார்த்து, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனீர்கள்.

அன்று மாலையே உங்கள் வீட்டுக்கு வந்து காதோடு சொல்லியிருக்கலாம். ஏலம் முடியட்டும், ஏலச் சீட்டோடு போய் நிற்போம் என்று இருந்துவிட்டேன். வாயைத் திறக்காமலே சம்பாதித்துப் பழகியவன். மூன்றாம் நாள் நீங்கள் இல்லை. சிதைக்கு விறகு என் கடையிலிருந்துதான் வந்தது. உங்கள் வேட்டியில் அந்தக் கறை இருந்ததாக உங்கள் மகள் சொன்னாள். என்னை என்னவென்று நினைத்துக்கொண்டு போனீர்களோ.

யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் சீட்டு என் மடியில் கிடக்கிறது. தொகை நானூற்று முப்பது ரூபாய். நின்ற இடத்திலேயே முழுதும் கட்டிவிட்டேன். அதற்காக நான் கேட்டு எழுதி வாங்கிய நிபந்தனை ஒன்றுதான்: மரங்களை வெட்டும் நாள், எடுத்தவர் இஷ்டம்; அவருக்குப் பின் அவர் வாரிசுகள் இஷ்டம்.