பூப் பதிவேட்டைப் பிரிக்க ஒப்பமாட்டேன்

உடும்பஞ்சோலை,
1977, ஆவணி 5, ஞாயிறு

என் கண்ணான தம்பி வேலாயுதத்துக்கு,

நீ மறைந்து இன்றோடு ஐந்து மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன. சென்ற வியாழனன்று உன் ஆராய்ச்சி நிலையத்து மேலதிகாரி என் ஏலத்தோட்டத்துக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். பூக்களைக் கவனிக்கும் உன் வேலை நிறுத்தப்படுகிறதாம். மருந்தடிப்புக்கான அறிவுரை மட்டும் தொடருமாம். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று தோட்டக்காரனாகிய நான் ஒப்பமிட வேண்டுமாம்.

"பூவ எண்ணுறதெல்லாம் காலேஜ் வேல, சாரே. கிருஷிக்காரனுக்கு மருந்து போதும்" என்றார்.

நான் ஒப்பமிடவில்லை.

தொடர்பில்லையா? 1974 ஆடி 14, செவ்வாய்க்கிழமை. உன் பதிவேட்டில் புதன் என்றிருக்கிறது; அது பிழை. அன்று நீ ஏலச்செடியின் அடியில் ஈரமண்ணில் குப்புறக் கிடந்தாய். தரையோடு படர்ந்த பூச்சரங்களில் எந்தப் பூவில் எப்போது தேனீ அமர்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தாய். களையெடுக்க வந்த மாரியம்மாள் சிரித்தாள்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இம்புட்டு நேரம் பாக்க மாட்டாங்க. அட்டை கடிக்குது, எந்திரிங்க சார்!"

"இரு தாயி, மாப்பிள்ளை இன்னும் வரல" என்றாய்.

வீண்வேலை என்றே நானும் நினைத்தேன். மழை விட்ட நாளென்றால் காலை எட்டு மணிக்கு மருந்தடிப்பு. ஒரு நிமிடம் பிந்தினாலும் ஆட்களைக் கடிந்துகொள்வேன். அந்த ஒழுங்கில் எனக்குப் பெருமை. காய்ப்பு குறைந்தபோது இன்னும் அடிக்கச் சொன்னேன்.

பதினோராம் நாள் பதிவேட்டை என்முன் விரித்தாய். "அண்ணாச்சி, தேனீ வர்ற நேரமும் ஒங்க ஆளு பம்பு தூக்குற நேரமும் ஒண்ணு. கடியாரம் பாத்துல்ல கொல்லுதீய!"

வெளியே போகச் சொன்னேன். மறுநாள் மருந்தடித்து முடிந்ததும், யாரும் காணாமல், செத்த தேனீக்களைச் சரங்களுக்கடியில் நானே பொறுக்கினேன்.

மருந்தடிப்பைப் பிற்பகலுக்கு மாற்றினோம். மழை வந்தால் அன்றைக்கு அடிக்காமல் விட்டோம். அடுத்த பருவத்தில் வெறுஞ்சரங்கள் குறைந்தன. அந்த அறிவுரையைத்தான் இன்று நிலையம் அச்சிட்டு வழங்குகிறது. அது வானத்திலிருந்தா விழுந்தது?

நீ பயன் கருதிப் பூவைப் பார்க்கவில்லை. அறியும் ஆசையால் பார்த்தாய். ஆனால் என் தோட்டத்து மண்ணில் கிடந்து பார்த்ததால்தான் பம்பும் உன் கண்ணில் பட்டது. பம்பை மட்டுமே பார்த்த எனக்கோ இருபது ஆண்டுகளாகப் பூ தெரியவேயில்லை. இதை எந்தக் கத்தியால் இரண்டாக வெட்டுவார்கள்?

நீ விட்டுச்சென்ற கேள்வி அப்படியே இருக்கிறது. தேனீ வந்தும் மேட்டுப்பக்கச் சரங்களில் பூ உதிர்வது ஏன்? காற்றா? நிழல் குறைவா? விடை தெரிந்தால் பயனுண்டா என்பதும் தெரியாது. நானும் மாரியம்மாளும் தினமும் பார்க்கிறோம். "ஒங்களுக்குக் குனிய முடியாதுங்கய்யா. நான் பாத்துச் சொல்லுதேன், நீங்க எழுதுங்க" என்கிறாள்.

வரும் புதனன்று அதிகாரி மீண்டும் வருகிறார். ஒப்பமில்லையேல் நிலையத்து நாற்றுகள் எனக்குக் கிடையாதாம். வேண்டாம். தம்பி, உனக்கு வாக்களிக்கிறேன்: அந்தத் தாளில் என் பெயர் ஏறாது. மேட்டுப்பக்கத்துப் பூ ஏன் உதிர்கிறது என்று தெரியும்வரை, எவர் தடுத்தாலும், இந்தத் தோட்டத்தில் பூக்காலம் முழுதும் ஒருவர் மண்ணில் கிடப்பார்.

உடன்பிறவாமலே உனக்கு அண்ணனான,
சங்கரலிங்கம்