உன் அப்பா அழுத சினிமா

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
பாஸ்கு கழிந்த வியாழன், 1974.

அன்பு மகன் பர்னபாஸுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் சினிமாப் பைத்தியமும் ஒரு குறையுமில்லாமல் நல்ல சுகம். பம்பாயில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று எழுது, கப்பல் பட்டறையில் இரும்புத்தூள் கண்ணில் தெறிக்குமாம், கவனம். போன லீவில் வந்தபோது உன் அப்பா கும்பிடுகிற நடிகருக்குத் தலையில் இருப்பது டோப்பா என்று சாப்பிடும்போது சொல்லிவிட்டுப் போனாயே, அன்று மூடிய வாய்தான், உன் பெயரை எடுப்பதில்லை. உன் கடிதத்தை நான் சத்தமாக வாசிக்க வேண்டும், அவர் காதில் விழாதது மாதிரி உட்கார்ந்து ஒரு எழுத்து விடாமல் கேட்பார். கொழும்புக்குத் தோணி ஓட்டுகிற தண்டல், எந்தக் காற்றுக்கும் அசையாத மனுஷர், ஒரு டோப்பாவில் கவிழ்ந்துபோனார். நீயும் அவர் ரத்தம்தானே, அவர் கூப்பிடாமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்று இருக்கிறாய். உங்கள் இரண்டு பேர் வீம்புக்கும் நடுவில் என் வயிறுதான் எரிகிறது.

தபசு காலம் முழுக்கக் கறி தொடாமல், சிலுவைப்பாதை தவறாமல் நல்ல பிள்ளையாக இருந்தார். ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு அன்றைக்கே கொட்டகையில் புதுப்படம், வாசலில் அந்த நடிகருக்குப் பெரிய கட்டவுட். மற்றவர்கள் சூடம் கொளுத்தினார்கள், நாம் வேதக்காரர் சூடம் கொளுத்தலாமா? உன் அப்பா மடியிலிருந்து பாஸ்குப் பூசையில் பிடித்த மெழுகுதிரியின் மிச்சத்தை எடுத்துக் கொளுத்தி வைத்தார். பங்குச் சாமியார் கூப்பிட்டுக் கேட்டதற்கு, ஆராதனை ஆண்டவருக்கு மட்டுந்தான் சாமி, இவருக்குச் சும்மா வணக்கந்தான், ஞானோபதேசத்தில நீங்கதான அப்படிப் படிச்சுத் தந்திய என்றாராம். சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது என்று உபதேசியார் சொன்னார்.

என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார். கட்டவுட்டில் அத்தனை உயரம் நின்ற நடிகர் படத்தில் ரயில் ஜன்னலில் கையாட்டுவதோடு சரி, கதையெல்லாம் அவருடைய ரசிகன் ஒருவனைப் பற்றி. அவன் ஆட்டுக்குட்டிக்கெல்லாம் அவர் படத்தின் பெயரை வைக்கிறான், பெண்டாட்டி பிள்ளையை மறந்து சுவரில் போஸ்டர் ஒட்டித் திரிகிறான். உன் அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார், ஏளா, இப்படியும் ஒரு கோட்டிக்காரன் உண்டுமா என்று என்னிடமே கேட்கிறார். நான் என்ன சொல்ல, கடலையைக் கொறித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் நடிகர் ரயிலில் வருகிறார் என்று அவன் மாலையோடு ஸ்டேஷனுக்கு ஓடுகிறான். கோபித்துப் போன அவன் மகன் அதே ரயிலில் வந்து இறங்கி அப்பா என்று முன்னால் நிற்க, தள்ளுலே என்று முகத்தைப் பாராமலே தள்ளிவிடுகிறான். நடிகர் இறங்கவேயில்லை, கையாட்டிவிட்டுப் போகிறார். அந்தப் பையனும் அதே ரயிலில் ஏறிப் போய்விடுகிறான். படம் எடுத்தவன் நல்லாயிருக்கட்டும், சிரிக்க வைத்தே நெஞ்சில் குத்திவிட்டான். பக்கத்தில் சத்தத்தைக் காணோமே என்று திரும்பினால் உன் அப்பா துண்டை வாயில் பொத்திக்கொண்டு தேம்புகிறார். வெளியே வந்து, பீடிப் புகை கண்ணில பட்டுட்டு, படம் சுமார்தான் என்றார்.

நேற்றுச் சாப்பிட்டுக் கை கழுவும்போது, அவனுக்கு லீவு எப்பம் என்றார். எவனுக்கு என்று கேட்டேன், முறைத்தார். மாதா திருவிழாவுக்கு வரச் சொல்லி எழுது, நான் ஸ்டேஷனுக்குப் போறேன் என்றார். அன்றைக்கு உங்கள் ஆளுடைய அடுத்த படம் வருதாமே, முதல் ஆட்டத்துக்கு யார் போறது என்றேன். படம் ஒரு மாசம் ஓடும்ளா, பிள்ளைய அன்னைக்கு விட்டா எப்பம் பிடிக்க என்றார். விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன் மக்கா.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். எந்த ரயில், எந்தப் பெட்டி என்று மறக்காமல் எழுது. அவருக்கு இப்போது கண் சரியில்லை, கண்ணாடி போடவும் மாட்டார், கூட்டத்தில் உன்னைத் தேடித் தடுமாறுவார். நீ முந்தி அவர் கையைப் பிடித்துக்கொள்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா மெட்டில்டா