டிவிக்காரர் சொல்லாத யோசனை

அப்பா, இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். அங்கே உங்களுடன் தாத்தா இருந்தால் அவரிடமும் வேண்டாம்.

இன்று இரவு டிவியில் அந்த வெள்ளைக்காரர் மறுபடியும் வந்தார். நொடித்துப்போகும் கம்பெனிகளுக்குப் போய் யோசனை சொல்வாரே, அவர்தான். உங்கள் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். கையில் ரொட்டி மாவு அப்பியிருந்தது.

நீங்கள் இருந்தபோது அந்த நேரத்தில் அவன் மாவு பிசைந்துகொண்டிருப்பான். நீங்களும் நானும்தான் பார்ப்போம். இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியாது. கீழே ஓடும் மலாய் எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். "என்னா சொல்றான்? சொல்லு லா" என்று என் தோளைத் தட்டுவீர்கள்.

அப்படி ஒரு நாள், ஒரு கேக் கம்பெனி. தூரத்துக் கிராமங்களுக்கு வேன் அனுப்பியே நஷ்டப்பட்டது. அந்தப் பாதையை விட்டுவிடுங்கள் என்றார் அவர். நம் ரொட்டி வியாபாரத்துக்கும் அதே நிலைமை. நாம் முன்பு குடியிருந்த எஸ்டேட் தோட்டத்தில் பன்னிரண்டு வீடுகள்தான் மிச்சம்; மற்றவர்கள் ஈப்போவுக்குப் போய்விட்டார்கள். நீங்கள் அங்கே மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹாரன் அடிப்பீர்கள். ரொட்டியோடு டவுனில் வாங்கிய மருந்தையும் கொடுப்பீர்கள். பாதி ரொட்டி திரும்பி வரும். சனிக்கிழமைகளில் நானும் பின்னால் உட்கார்ந்து வருவேன். அது நின்றுவிடும் என்று பயந்தேன். அதனால், "பழைய ஆளுங்கள விட்டுடாதீங்கன்னு சொல்றாருப்பா" என்றேன்.

நீங்கள் தொடையில் தட்டிச் சிரித்தீர்கள். "பாத்தியா, வெள்ளக்காரனுக்கே வெளங்குது! ஒங்கம்மாவுக்குத்தான் வெளங்கல லா."

இரண்டு மாதம் கழித்து, மழையில், அந்தச் செம்மண் பாதையில்தான் மோட்டார் சறுக்கியது.

இப்போது அண்ணன் அதே பாதையில் போகிறான். "வேணாம்டா" என்று அம்மா அழுதால், "அப்பா டிவி பாத்து முடிவு பண்ணதும்மா, நான் மாத்த மாட்டேன்" என்கிறான். நேற்று அவனும் விழுந்தான். முழங்கையில் தோல் உரிந்துவிட்டது.

இன்று வேறொரு கம்பெனி, அதே யோசனை. அண்ணன் மலாய் எழுத்தைப் படித்தான். மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"இவன் விடச் சொல்றான். அப்பாகிட்ட மட்டும் வேற மாதிரியா சொன்னான்?"

"ஞாபகம் இல்லண்ணே" என்று அறைக்குள் வந்துவிட்டேன்.

சொன்னால், அம்மா என்னை இனி எப்படிப் பார்ப்பார்? சொல்லாவிட்டால், விடிந்ததும் அவன் கிளம்பிவிடுவான். உங்கள் முடிவு என்று அவன் சுமந்துகொண்டு போவது என் பொய், அப்பா.

கதவைத் தட்டுகிறார்கள்.

"தூங்கிட்டியா?"

அண்ணன்தான். அப்பா, நான் திறந்து அவனிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன்.